வழி மாமா

1

போன ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, ஹாம்பர்க்கில் எங்கள் வீட்டு மணியை அடித்து, பார்சல்காரர் ஒரு பெரிய பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். ரோஜா நிறக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, சீர்வரிசைத் தட்டு மாதிரி ஜோராக இருந்தது. என் வீட்டுக்காரர் முரளிதான் வாங்கினார். முகவரியைப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"விமி, இது நமக்கு வந்தது இல்ல போல. யாரோ வழி மாமாவாம்."

வாங்கிப் பார்த்தேன். தெரு எங்களுடையது. கதவு எண் எங்களுடையது. பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில், கொட்டை கொட்டையாக, ‘வழி மாமா’.

மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் இருக்கிற உங்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் எப்படிப்பட்ட ஆள் கண்முன் வருவார் என்று எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு போகிற வருகிற பெண்களைப் பார்த்துப் பல்லிளிப்பாரே, அவர்தான். வழிகிற மாமா. அது போக, மாமா என்ற சொல்லுக்குச் சென்னையில் வேறு ஒரு தொழிலும் உண்டு. அதை நான் இங்கே விளக்கப் போவதில்லை.

அந்த மாமா நான்தான் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோயிற்று.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேக்கப் என்றால் உயிர். இயற்கை அழகே அழகு, கடலைமாவே போதும் என்று பேசுகிறவர்கள் பக்கத்தில் என்னை உட்கார வைத்துவிடாதீர்கள். காலையில் கண்ணுக்கு மை இழுத்ததும் தூங்கி வழிந்த முகம் சட்டென்று விழித்துக்கொள்ளும் பாருங்கள், அதற்காகத்தான் நான் படுக்கையை விட்டே எழுந்திருக்கிறேன். வெளியே பனி கொட்டும், இருட்டாக இருக்கும், துறைமுக அலுவலகத்துக்கு ரயில் பிடிக்க ஓட வேண்டும். அப்படியும் லிப்ஸ்டிக் போடாமல் நான் படி இறங்கியதில்லை. ஜுரத்தோடு டாக்டரைப் பார்க்கப் போனபோதும் போட்டுக்கொண்டுதான் போனேன். உங்களைப் பார்த்தால் நோயாளி மாதிரியே இல்லையே என்று அவர் சந்தேகப்பட்டார். எனக்கு அன்றைக்குப் பாதி ஜுரம் அப்போதே இறங்கிவிட்டது.

இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது என்று நினைக்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நின்றவர் அவர். எங்கள் வீட்டில் உலகத்துக்கே புடவைக்கடைப் பெயர்கள்தான். சாயங்கால வானம் வெங்காயத்தோல் கலர், பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மயில்கழுத்து, கோபம் வந்தால் அம்மாவின் முகம் வாடாமல்லி.

கலா அக்காவுக்கு ஆழ்வார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, முதல் சம்பளத்தில் பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் ஒரு லிப்ஸ்டிக் வாங்கிவந்தாள். நான் அப்போது காலேஜ். இரண்டு பேருக்கும் சேர்த்து அந்த ஒன்றுதான். மந்தைவெளியில் எங்கள் போர்ஷனில் இருந்த ஒரே கண்ணாடி, பீரோவில் பதித்த கண்ணாடி. அதில் இரண்டு முகம் கொள்ளாது. காலையில் எங்கள் வீட்டில் சுப்ரபாதத்தைவிட அதிகம் கேட்ட சொல் "தள்ளிக்கோ" என்பதுதான். தள்ளிக்கோடி, ஆபீசுக்கு நேரமாச்சு. நீ தள்ளிக்கோ, எனக்கு மட்டும் காலேஜ் இல்லையா? தோளால் ஒரு இடி, இடுப்பால் ஒரு இடி.

அப்பா பார்த்தால் திட்டுவார் என்று வாசலைத் தாண்டிய பிறகுதான் போட்டுக்கொள்வோம் முதலில். ஒருநாள் மாட்டிக்கொண்டோம். அவர் அக்காவின் உதட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடையில் முந்தானையைப் பார்க்கிற அதே பார்வை.

"ஏட்டி, இது அரக்குல்லா? நம்ம நிறத்துக்கு நல்லா எடுக்கு" என்றார். அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த அரக்கு லிப்ஸ்டிக் ஒரு தீபாவளிக்கு வந்து அடுத்த தீபாவளியையும் பார்த்தது. குச்சி தேய்ந்து உள்ளே போனதும், அக்கா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, அதன் வளைந்த நுனியால் உள்ளே விட்டுச் சுற்றுவாள். "இன்னும் இருக்குடி, வழிச்சா வரும்" என்பாள். அம்மா இட்லி மாவுக் குண்டானை வழிக்கிற அதே மும்முரம். வந்தது உதட்டுக்கு, கொஞ்சம் கன்னத்துக்கு, அவசரத்துக்குப் பொட்டுக்கும்.

அன்றைக்கு வேறு வாங்க வசதி இல்லை, அதனால் வழித்தோம். சரி. ஆனால் இன்றைக்கு வசதி இருக்கிறது, இன்றும் வழிக்கிறேன். என் மேக்கப் பையில் எதுவும் ஒன்றுதான். ஒரு மை, ஒரு பவுடர், ஒரு லிப்ஸ்டிக். தீர்ந்த பிறகுதான் அடுத்தது. இதைக் கஞ்சத்தனம் என்று முரளி சொல்வார். எனக்கோ ஒரு பொருள் கடைசிவரை கூட வந்து தீர்ந்துபோவதில் ஒரு திருப்தி. புதிதைத் திறக்கிற அன்றைக்கு வருகிற சந்தோஷமும், பத்து லிப்ஸ்டிக் வைத்திருக்கிறவர்களுக்கு வராது.

3

இந்த ஊருக்கு வந்த புதிதில் கண்மை வாங்கப் போனேன். ஜெர்மன் மொழியில் அப்போது எனக்கு வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். கடைப்பெண்ணிடம் கண்ணைக் காட்டினேன். கறுப்பு என்றேன். விரலால் கீழ் இமையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினேன். என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று அவள் பதறிப்போய், நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணைக் கழுவ வந்தவளைத் தடுத்து, ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். அவள் முகம் மலர்ந்தது. "ஆ, காஜல்!" என்றாள். ஜெர்மன்காரர்களுக்கும் அது காஜல்தானாம். பாஷை தெரியாமல் தவித்த ஒரே சொல், நம் ஊர்ப் பக்கத்திலிருந்தே போன சொல்.

அடுத்தது குப்பை. உங்கள் தெருவில் இரண்டு தொட்டி வைத்ததற்கே அலுத்துக்கொள்கிறீர்கள். இங்கே காகிதத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு நிறவாரியாக, சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று. இதில் தப்பு செய்தால் கீழ்வீட்டு மெர்ட்டன்ஸ் அம்மா, இந்த ஊர்ப் பேச்சில் ஃப்ராவ் மெர்ட்டன்ஸ், கதவைத் தட்டுவார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. குப்பைத் தொட்டியைத் திறந்து பார்ப்பது அவருக்கு விடைத்தாள் திருத்துகிற மாதிரி.

பிளாஸ்டிக் தொட்டிக்கு ஒரு விதி உண்டு. தயிர் டப்பாவையோ ஜாம் டப்பாவையோ கழுவ வேண்டாம், ஆனால் ‘லோஃபெல்ரைன்’ ஆக இருக்க வேண்டும். கரண்டியால் வழித்தெடுத்த அளவு சுத்தம் என்று அர்த்தம். இதற்கு ஒரு தனிச் சொல் வைத்திருக்கிறார்களே என்று நான் அசந்துபோனேன். ஒருநாள் அவர் என் காலி லிப்ஸ்டிக் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து, கண்ணாடியை மாட்டி, உள்ளே பார்த்தார். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "லோஃபெல்ரைன்!" என்றார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் அதுதான். விசா அலுவலகத்தில்கூட அப்படி ஒரு மரியாதையை நான் பார்த்ததில்லை.

4

எங்களுக்கு ஒரே பெண். இனியா. பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது, பாலர் பள்ளி வாசலில் "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். என் தம்பி யாராவது வந்துவிட்டானோ என்று நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். எனக்குத் தம்பியே கிடையாது. ஜெர்மனில் மாமா என்றால் அம்மா. வீட்டுக்குள் அம்மா, வெளியே மாமா என்று அப்படியே வளர்ந்துவிட்டாள்.

வளர்ந்ததும், எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. அவள் அறைக் கதவு மூடிக்கொண்டது. உள்ளே போனில் எந்நேரமும் யாராவது ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். வாரத்துக்கு ஒரு புதுக் குறை கண்டுபிடிப்பார்கள், அதற்கு ஒரு புதுப் புட்டியும் கண்டுபிடிப்பார்கள். மேலுதட்டுக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கிற இடத்துக்கு வயதாகும் என்பதே எனக்குத் தெரியாது. பதினைந்து வயதில் என் மகள் அதற்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். அவள் அலமாரியில் பாதி திறந்த புட்டிகள் வரிசைகட்டி நின்றன. எதுவும் கால்வாசிக்குக் கீழே இறங்கியதில்லை. கேட்டால், "நீயும்தானே மேக்கப் போடுற?" என்பாள். என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைக் கேட்கக் கதவு திறந்திருக்கவில்லை.

இந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் ஒரு காலை, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஹேர்பின்னால் லிப்ஸ்டிக் வழித்துக்கொண்டிருந்தேன். பல் தேய்க்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். போனை எடுத்து நீட்டினாள்.

"என்ன பண்ற, சொல்லு!"

"வழிக்கிறேன். வழிச்சு முடிச்சாத்தான் புதுசு" என்றேன், உதட்டைக் குவித்துக்கொண்டே.

இவ்வளவுதான் அந்த வீடியோ. அதை அவள் ஒரு வீடியோ ஆப்பில் ‘வழி மாமா’ என்று ஒரு கணக்குத் திறந்து போட்டுவிட்டாள். வழிக்கிற அம்மா என்று அவள் நினைப்பு. எனக்கு அந்த ஆப்பே கிடையாது, பெயரை நான் பார்க்கவில்லை. யார் யாரோ பார்த்தார்கள், சிரித்தார்கள், பிறகு தங்கள் தங்கள் டப்பாக்களை வழிக்க ஆரம்பித்தார்கள். இன்றைக்கு நான் கன்னத்துப் பவுடரை வழி செய்தேன் என்று போலந்துக்காரி ஒருத்தி சொன்னாள். ‘வஷி’ என்றாள் ஒருத்தி. ‘வாஸி’ என்றாள் இன்னொருத்தி. என் மகளே ‘வளி’ என்றுதான் சொல்வாள். ழகரத்துக்கு நேர்ந்ததை நான் கண்டுகொள்ளவில்லை.

ஏனென்றால், அதன் பிறகு தினமும் காலையில் அவள் குளியலறைக்கு வந்தாள். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிய வீடியோ எடுப்பது ஒரு நிமிஷம், மிச்சம் எல்லாம் பேச்சு. வகுப்பில் யார் யாரோடு சண்டை, கணக்கு வாத்தியார் ஏன் அப்படி, அவளுக்கு உயரம் இதற்குமேல் வளராதா என்ற பயம். நான் மை இழுத்துக்கொண்டே கேட்பேன். ரயிலைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. சந்தோஷமாகத் தவறவிட்டேன்.

5

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது. ஓர் ஒப்பனைப் பொருள் கம்பெனி இனியாவிடம் முகவரி கேட்டு வாங்கி அனுப்பியிருந்தது. திறந்தால் லிப்ஸ்டிக், லிப்ஸ்டிக், இன்னும் லிப்ஸ்டிக். நடுவில் வெல்வெட் பள்ளத்தில் ரோஜா நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. நுனி கரண்டி மாதிரி. கைப்பிடியில் ‘வழி’ என்று அச்சடித்திருந்தார்கள். மிச்சம் மீதியை வழித்தெடுப்பதற்காகவே தயாரித்த கருவியாம். அதை வைத்து நாங்கள் வீடியோ போட வேண்டுமாம். புதிதாக எதுவும் வாங்காமல் இருப்பதற்குப் புதிதாக ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். முரளி சிரித்த சிரிப்பில் ஃப்ராவ் மெர்ட்டன்ஸ் மேலே வந்து என்னவென்று விசாரித்தார்.

நான் சாமியார் இல்லை. அந்தப் பெட்டியில் அப்பட்டமான அரக்கு ஒன்று இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன். மறுபடி திறந்து பார்த்தேன்.

இனியாவுக்குப் பதினெட்டு ஆகாததால் கம்பெனியின் ஒப்பந்தத்தில் பெற்றவள் கையெழுத்து வேண்டும். இந்த ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்கு அதுதான் முழுநேர வேலை. நீச்சலுக்குக் கையெழுத்து, சுற்றுலாவுக்குக் கையெழுத்து, பேன் பார்ப்பதற்குக் கையெழுத்து. எதற்கும் யோசிக்காமல் போடுகிறவள் இதற்கு யோசித்தேன்.

"போடும்மா, ப்ளீஸ். என் கிளாஸ்ல எல்லாரும் என்னைப் பாக்குறாங்க. முன்னாடி யாருக்கும் என் பேரே சொல்ல வராது."

இதை என்னால் சுலபமாகத் தள்ள முடியவில்லை. போட்டால், எனக்குப் பிடித்த ஒரு காரியம் கடைத்தெருவுக்குப் போய்விடும். நாளைக்கு ஃபவுண்டேஷனுக்கு ஒரு வழி, மைக்கு ஒரு வழி என்று கிளம்புவார்கள். அவள் அலமாரியும் நிறையும். போடாவிட்டால், அந்தக் கதவு மறுபடி மூடிக்கொள்ளும். தொட்டியின் விளிம்பு காலியாகிவிடும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இரண்டாவது பயம்தான் பெரியது.

"சென்னை போயிட்டு வந்து பேசலாம்" என்றேன். ஆகஸ்டில் அக்கா மகள் திவ்யாவுக்கு ஆவணி முகூர்த்தம். ‘வழி மாமா’வுக்குச் சென்னையில் என்ன அர்த்தம் என்பதையும் இனியாவிடம் நான் சொல்லவில்லை.

6

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு வரக் கூடாது. பெட்டியோடு அத்தனை லிப்ஸ்டிக்கையும் தூக்கிக்கொண்டு வந்தேன், சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்று. கொட்டிவாக்கத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் கடை பரப்பினேன். அக்கா ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா? இது போன்ல தட்டுனா பத்து நிமிஷத்துல வாசலுக்கே வருமே. இதைப் போயா ஜெர்மனியில இருந்து சுமந்துக்கிட்டு வந்த?"

சொல்லிவிட்டு நான்கை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்ற சொந்தங்களும் அப்படியே. அலுத்துக்கொண்டார்கள், எடுத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஹேர்பின்னால் வழித்த என் அக்காவை நான் தேடிக்கொண்டிருந்தேன். அவளோ ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். இட்லி மாவுக்குப் பக்கத்தில் சீரம், தக்காளிக்கு மேலே முகத்தில் உருட்டுகிற கல் உருளை, கதவில் வரிசையாகப் புட்டிகள். இனியாவின் மேக்கப் பையையும் வாங்கி உள்ளே வைத்தாள். "சென்னை வெயிலுக்கு உருகிடும்டி." அத்தான் ஒருநாள் அவசரத்தில் முகத்துக்கான எண்ணெயை இட்லிப் பொடியில் ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டு, நல்லெண்ணெய் வாசனையே இல்லையே என்று கேட்டாராம். நாக்குக்கு இப்போது சுருக்கம் வராது என்று திவ்யா அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

திவ்யா ஆழ்வார்பேட்டையில் கல்யாண மேக்கப்புக்கு ஒத்திகை பார்த்துவிட்டு அப்படியே வீடு வந்தாள். மணி அடித்ததும் அத்தான் போய்க் கதவைத் திறந்தார்.

"யாரும்மா வேணும்?"

"அப்பா, நான்தான்ப்பா!"

எல்லாரும் உருண்டு சிரித்தோம். திவ்யாவும் சிரித்தாள். பிறகு கண்ணாடியில் தன்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "கல்யாணத்தன்னிக்கு அவரும் இப்படிக் கேட்டா?" என்றாள். போனை எடுத்து, என் நிறத்திலேயே போடுங்கள், வெளுக்க வேண்டாம் என்று அந்த மேக்கப் பெண்ணிடம் சொன்னாள். அக்காவுக்கு முணுமுணுப்புதான். கொடுக்கிற காசுக்குக் கொஞ்சமாவது வெள்ளையாக வேண்டாமா என்று அவள் கவலை.

மறுநாள் வளையலும் பொட்டும் வாங்க தி. நகர் போனோம். ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர். அப்பா நின்ற நாட்களில் இருந்த கூட்டம் அப்படியே இருக்கிறது, ஆளாளுக்குக் கையில் போன் மட்டும் முளைத்திருக்கிறது. என் லிப்ஸ்டிக் அடியைத் தொட்டுவிட்டிருந்ததால், அடுத்ததற்கு அரக்கு கேட்டேன். எடுத்துக் கொடுத்த பெண் இனியாவைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"ஐயோ! இன்னாது, நீ அந்த வழி மாமா பொண்ணுதானே? அக்கா, நீங்கதான் அந்த மாமாவா? தோ, போன்ல கீது பாருங்க!"

அவளும் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களும் குலுங்கிச் சிரித்தார்கள். இனியாவுக்கு முதலில் பெருமை தாங்கவில்லை. ஏழு கடல் தாண்டி ஓர் ஊரில் அடையாளம் கண்டுகொள்கிறார்களே. பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"திவ்யா அக்கா, ஏன் இவ்ளோ சிரிக்கிறாங்க?"

திவ்யா சொல்லவில்லை, நடித்தே காட்டினாள். கடை வாசலில் ஒரு தூணில் சாய்ந்து, மீசையை நீவி, இல்லாத தொப்பையைத் தள்ளிக்கொண்டு, "என்னம்மா, தனியாவா வந்திருக்க?" என்று பல்லைக் காட்டினாள். கடையே சிரித்தது. இனியாவின் முகம் வாடாமல்லி ஆயிற்று.

"அம்மா, உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"பார்சல் வந்த அன்னியில இருந்து."

"ஏன் சொல்லல?"

பைகளோடு ஜனங்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். நடுச் சந்தில் நின்று சொல்கிற விஷயமில்லை. ஆனால் அங்கேதான் வந்தது.

"சொன்னா நீ அதை மூடிடுவ. அப்புறம் காலையில பாத்ரூமுக்கு வரமாட்ட. எனக்கு நீ வரணும்."

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"மாமாவா இருந்துக்கிட்டு இதுக்குப் போயி பயப்படுறியா?" என்றாள்.

7

கல்யாணம் மயிலாப்பூரில். விடியற்காலை முகூர்த்தம். இருட்டோடு இருட்டாக இரண்டு வண்டிகளில் கொட்டிவாக்கத்திலிருந்து கிளம்பி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தோம். பெண் அறையில் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள், ஒரே ஒரு கண்ணாடி. திவ்யாவை நாற்காலியில் உட்கார வைத்து அந்த மேக்கப் பெண் வேலையை ஆரம்பித்திருந்தாள். நாங்கள் புடவை கட்டி, பூ வைத்து, அடுத்தது முகம் என்று திரும்பியபோது அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! பை எல்லாம் ஃபிரிட்ஜுலயே இருக்கு!"

உருகிவிடும் என்று எல்லாருடைய மேக்கப் பையையும் முதல் நாள் ராத்திரி உள்ளே அடுக்கியவள் அவள்தான். கிளம்பும் அவசரத்தில் ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. சீரம், க்ரீம், நான் ஜெர்மனியிலிருந்து சுமந்து வந்த லிப்ஸ்டிக் எல்லாம் இட்லி மாவோடு குளுகுளுவென்று கொட்டிவாக்கத்தில் இருந்தன. பத்து நிமிஷத்தில் கொண்டுவருகிறவர்கள் அந்த நேரத்தில் எழுந்திருக்கவில்லை. மேக்கப் பெண்ணோ மணப்பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் தன் பெட்டியைத் திறக்க மாட்டாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு கீழே வந்துவிட்டார்கள்.

என் தோள்பையைக் கவிழ்த்தேன். ஒரு மை, பாதிப் பவுடர், அடியோடு தேய்ந்த லிப்ஸ்டிக் ஒன்று. தி. நகரில் வாங்கிய புதியது அந்த ஃபிரிட்ஜில்தான்.

அக்கா குழாயின் அடியை எட்டிப் பார்த்தாள். கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. ஒரு ஹேர்பின்னை உருவி நீட்டினாள்.

"இன்னும் இருக்குடி. வழிச்சா வரும்."

நான் வாங்குவதற்கு முன்னால் இனியா வாங்கிவிட்டாள். ஜன்னலோரம் வெளிச்சத்துக்கு வந்து, குழாய்க்குள் பின்னை விட்டு மெதுவாகச் சுற்றி, நுனியில் வந்ததைக் கைக்குட்டையில் துடைத்த விரலால் தொட்டு, அக்காவின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள். அதற்குள் அறை முழுக்க ஒரே சத்தம். தள்ளிக்கோ, எனக்கு அடுத்தது. அத்தை நீ தள்ளிக்கோ, உனக்குத்தான் உதடே தெரியலியே. கொஞ்சம் தள்ளிக்கோம்மா, கண்ணாடி தெரியல. தோளால் ஒரு இடி, இடுப்பால் ஒரு இடி.

"ஏய் இனியா, இதை வீடியோ எடுடி! செமையா ஓடும்!" என்றாள் அக்கா.

"கை காலி இல்ல பெரியம்மா. பேசாத, ஓரம் மிச்சம் இருக்கு."

எல்லாருக்கும் ஆன பிறகு, முழு அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த திவ்யா கையைத் தூக்கினாள். தன் நிறத்தில், தன் முகத்தோடு, அத்தனை அழகாக இருந்தாள். "எனக்கும் அதுல ஒரு துளி." மேக்கப் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்துவிட்டு, தள்ளிக்கொண்டாள். இனியா கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றினாள். வந்தது திவ்யாவின் உதட்டுக்குச் சரியாக இருந்தது. அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. நான் அக்காவின் உதட்டிலிருந்து கொஞ்சம் விரலால் ஒற்றி அவளுக்கு வைத்துவிட்டேன்.

நாயனம் ஆரம்பித்துவிட்டது. ஓடினோம்.

8

திரும்பும் விமானத்தில் இனியா தன் போனைக் காட்டினாள். கம்பெனிக்கு அவளே பதில் எழுதியிருந்தாள். நன்றி, எங்களிடம் ஹேர்பின் இருக்கிறது. அவ்வளவுதான்.

"உன் மனசுக்காக இல்ல" என்று உடனே சொன்னாள். "அவங்க குச்சியைப் போட்டு வழிச்சுப் பாத்தேன். நுனி தடிமன். ஓரத்துக்குப் போகவே மாட்டேங்குது."

கணக்கையும் மூடிவிட்டாளாம். "மாமா வந்துட்டாரு, எல்லாரும் துப்பட்டாவைப் போடுங்க" என்று திவ்யா அவளைப் பார்க்கும்போதெல்லாம் கத்தினால் அவள்தான் என்ன செய்வாள்? வகுப்பில் கேட்டால் என்ன சொல்லப் போகிறாய் என்றேன். தோளைக் குலுக்கினாள். பேர் சொல்ல வராதவர்களுக்கு இப்போது வருகிறது, அது போதும் என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. கணக்கு இல்லை, வீடியோ இல்லை, கையெழுத்துச் சண்டையும் இல்லை. அப்படியானால் காலையில் குளியலறைக்கு வர அவளுக்கு என்ன வேலை?

ஹாம்பர்க் வந்ததும் அந்தக் காலிக் குழாயை ஃப்ராவ் மெர்ட்டன்ஸிடமே நேரில் காட்டினேன். கல்யாணத்தில் எத்தனை பேர் உதட்டில் போயிற்று என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. கண்ணாடியை மாட்டி உள்ளே பார்த்த பிறகு நம்பினார். அவரே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்.

பள்ளி திறந்த அன்றைக்குக் காலை, தி. நகர் அரக்கைப் பிரித்தேன். கூரான முனையோடு புத்தம் புதிதாக இருந்தது. இன்னும் வெகுநாளைக்கு அதில் வழிப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் அறைக் கதவு மூடித்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. மை இழுத்தேன். மெதுவாகவே இழுத்தேன். பவுடர் போட்டேன். ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. லிப்ஸ்டிக்கைத் திருகிக் கண்ணாடிக்குக் கிட்டே போனேன்.

இடுப்பில் ஒரு இடி விழுந்தது. கோடு உதட்டைத் தாண்டிக் கன்னத்துக்குப் போய்விட்டது. கலைந்த தலையோடு, கையில் போன் இல்லாமல், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளிக்கோ" என்றாள்.

தள்ளிக்கொண்டேன்.